எரியாத வீடு

— 'கூரைய புடுங்கினது ஆளுங்க, நெருப்பு இல்ல. நெருப்பு தொட்டிருந்தா தரலாம், ஆளு தொட்டதுக்கு இன்னாத்த தர்றது'ன்னார் அந்த தாலுக்கா ஆபீசு ஆர்.ஐ. அவரு சொன்னதுல எனக்குப் பாதிதான் புரிஞ்சுது. மீதிய நீங்கதான் சொல்லணும்.

— அவரு சொன்னது சரிதாம்மா. எரிஞ்ச வீட்டுக்குத்தான் நிவாரணம். அது அப்பிடித்தான். மொதல்ல அந்த மூட்டைய கீழ வை, இப்பிடி பெஞ்சுல உக்காரு. யாரு நீ, எந்தத் தெரு? தெனத்துக்கும் எங்கனா ஒரு எடம் எரியுது, பயர் வண்டிய எடுத்துகினு ஓடறோம், எல்லார் மொகமும் ஞாபகத்துல நிக்கிறதில்ல.

— பேரு ரேணுகாம்பாளுங்க. வேங்கிக்கால் ஏரிக்கரைத் தெரு. அக்கினி நட்சத்திரத்துல தெருவுல பாதி எரிஞ்சுதே, நீங்கதான வந்தீங்க? தொப்பிய கழட்டி கக்கத்துல வெச்சிகினு, 'அந்த நடு வீட்டு கூரைய இழுங்கடா'ன்னு கைய நீட்டினீங்க. நீங்க கை நீட்டினது என் வீடு.

— வாசல்ல முருங்க மரம் இருக்குமே.

— அதே வீடுதான். முருங்க மரம் இப்பவும் இருக்குது. மேல கூரை இல்ல.

— பாரும்மா. அன்னிக்கி வண்டியில தண்ணி தீந்து போச்சு. ஏரியில சேறுதான் கெடந்துது, மோட்டார் போட்டா குழாயில தவளைதான் வரும். காத்து வேற அந்தப் பக்கமே தள்ளிகினு வந்துது. வீட்டுக்கு வீடு ஒட்டிகினு இருக்குது, நடுவுல ஒரு கை நொழையாது. அப்பிடி இருக்கச் சொல்ல கொக்கிய போட்டு ஒரு வீட்டு கூரைய இழுத்து கீழ தள்ளிட்டா, நெருப்பு தாண்டறதுக்கு எடம் இல்லாம நின்னுடும். எங்களுக்கு சொல்லிக் குடுத்த வேலை அது.

— நின்னுடுச்சுங்க. நான் நிக்கலன்னா சொன்னேன்? உங்க ஆளுங்க நாலு பேரு கொக்கிய மாட்டி 'ஏலேலோ'ன்னு இழுத்தாங்க, என் வீட்டுக்காரர் செத்துப் போற வருசம் அவரு கையால மேஞ்ச கூரை, ஒரே இழுப்புல வாசல்ல வந்து படுத்துகிச்சு. நான் அப்ப உள்ளேர்ந்து அரிசிப் பானைய தூக்கினு வந்துகினு இருக்கேன். அந்தாண்ட சந்திரம்மாள் வீட்லேர்ந்து தெரு கோடி வரைக்கும் ஒரு கீத்து கருகல. எல்லாரும் உங்களுக்கு மோர் குடுத்தாங்க. நானும்தான் குடுத்தேன்.

— குடிச்சேன். உப்பு ஜாஸ்தி போட்டிருந்த.

— பானைய தூக்கினு ஓடியாந்தவளுக்கு உப்பு கையில நிக்குமா? சரி, கேளுங்க. எரிஞ்ச வீட்டுக்காரங்களுக்கு அரிசி குடுத்தாங்க, வேட்டி சேலை குடுத்தாங்க, மூங்கிலும் கீத்தும் வண்டியில கொணாந்து எறக்கினாங்க. எல்லாரும் புதுக் கூரை மேஞ்சிட்டாங்க. எரியாத வீட்டுக்காரங்களுக்கு பழைய கூரை அப்பிடியே இருக்குது. நடுவுல நான் ஒருத்தி. எரியவும் இல்ல, கூரையும் இல்ல.

— போன் அடிக்குது, கொஞ்சம் இரு. அலோ, பயர் ஸ்டேஷன்... யாரு பேசறது? கல்யாண மண்டபமா? எங்க எரியுது?... எரியலையா?... இல்லைங்க, சமையலுக்கு தண்ணியெல்லாம் இந்த வண்டியில ஊத்த மாட்டாங்க. முனிசிபாலிட்டியில கேளுங்க... மாப்பிள்ளை கலெக்டர் ஆபீசுல இருந்தா இன்னாங்க, தண்ணி அதே தண்ணிதான். வெச்சிடறேன்.

— இப்பிடியும் கேப்பாங்களா?

— இதுவாவது தண்ணி. நேத்து ஒரு ஆளு, கொரங்கு அவன் டிரான்சிஸ்டரை தூக்கினு போய் கோபுரத்து மேல உக்காந்துகிச்சு, ஏணி எடுத்துகினு வாங்கன்றான். நீ சொல்லு, ஆர்.ஐ. வந்தாரா இல்லையா?

— வந்தாருங்க. கூடவே கர்ணம் கொடை புடிச்சிகினு வந்தாரு. ஆர்.ஐ. நல்ல மனுசன்தான், உள்ள வந்து நாலு செவுத்தையும் பாத்தாரு. 'கரி எங்கம்மா? எரிஞ்ச வீட்டுக்கு செவுத்துல கரி இருக்கணுமே'ன்னார். நான் அடுப்பு மூலைய காட்டினேன். அவருக்கே சிரிப்பு வந்துடுச்சு. அப்பால கர்ணம் என்னை தனியா கூப்டு, 'பயர் ஸ்டேஷன்ல எரிஞ்சுதுன்னு எழுதினா உன்னையும் சேத்துக்கலாம், அவங்க இழுத்துத் தள்ளினதா எழுதி வெச்சிருக்காங்க, நாங்க இன்னா பண்றது'ன்னார். அதான் போன வாரமே இங்க வந்தேன்.

— போன வாரம் வந்தியா? நான் பாக்கலயே.

— நீங்க இல்லீங்க. வேற ஒருத்தர் இருந்தாரு, கண்ணாடி போட்டவரு. நான் சொன்னத பூரா கேட்டுட்டு, 'எரிஞ்சா எரிஞ்சுதுன்னு எழுதுவோம், எரியலன்னா எப்பிடிம்மா எழுதறது'ன்னார். நானும் போற வழியெல்லாம் அதையே நெனச்சிகினு போனேன். அவரு சொன்னதும் சரிதான்.

— சரிதான். நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். எரியாதத எரிஞ்சுதுன்னு என் கை எழுதாது. பத்தொம்பது வருச சர்வீசு, அப்பிடி ஒண்ணு எழுதல.

— உங்கள பொய் எழுதச் சொல்லி நான் கேக்கலீங்க.

— பின்ன இன்னாத்துக்கு வந்த?

— சும்மா வந்தேன். டவுனுக்கு வந்தேன், கால் வலிச்சுது, பெஞ்சு தெரிஞ்சுது. உக்காரக் கூடாதா?

— உக்காரு, உக்காரு. சர்க்காரு பெஞ்சு. ஏம்மா, கூரைதான் இல்லையே, பொண்ணு வீட்ல போய் ரெண்டு மாசம் இருந்துட்டு வர்றதுதான?

— நல்லாச் சொன்னீங்க. பொண்ணு என் வீட்டுக்கு வரணும், நான் அவ வீட்டுக்குப் போவணுமா? ஒரே பொண்ணுங்க, உண்ணாமலைன்னு பேரு. கீழ்பென்னாத்தூர்ல குடுத்திருக்கேன். இது தலைப்பிரசவம். வளைகாப்பு பண்ணி இட்டுகினு வர நாள் குறிச்சி, மறு நாள் கெளம்பணும்னு இருக்கச் சொல்ல தெரு எரியுது. சம்பந்தியம்மா பஸ் புடிச்சி பாக்க வந்தாங்க. வந்தவங்க கழுத்த அண்ணாந்து வானத்த பாத்துட்டு, 'வெயில் நல்லா வருதே'ன்னாங்க. அதோட உட்டாங்களா? 'மொதல் பிரசவம் அம்மா வீட்லதான் நடக்கணும், நாங்க மறுக்கல, ஆனா கூரை இல்லாத எடத்துக்கு வயித்துப் பிள்ளைக்காரிய எப்பிடி அனுப்பறது? ஆடி பொறக்கறதுக்குள்ள கூரை போட்டுட்டு வந்து கூப்பிடு, அனுப்பறோம். ஆடி பொறந்துட்டா அனுப்ப மாட்டோம்'னு சொல்லிட்டுப் போனாங்க.

— ஆடி பொறக்க இன்னும் பத்து பன்னெண்டு நாள்தான் இருக்குது.

— அதத்தான் நான் ராவெல்லாம் நெனச்சிகினு படுத்திருக்கேன். எம்பொண்ணு சொல்லி அனுப்பறா, 'எனக்கு பயமா இருக்குதும்மா, உன்னாண்ட வந்துடறேன், வானம் தெரிஞ்சா இன்னா'ன்னு. அவளுக்குத் தெரியுமா, மாமியா வீட்ல பிரசவம் ஆச்சுன்னா காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாங்க. 'தலைப்பிரசவம் பாக்க வக்கு இல்லாத அம்மாக்காரி'ன்னு ஒரு பேரு வந்துடும். எனக்கு வந்தா தொடச்சிகினு போயிடுவேன். அவ அங்கியே வாழணும்.

— கடன் கிடன்...

— அந்தப் பேச்ச எடுக்காதீங்க. குடுக்கறவனும் இல்ல, கட்டறதுக்கு நானும் இல்ல. கூலிக்காரி. கீழ விழுந்த கூரையவே நானும் சந்திரம்மாளும் நேத்து எடுத்து செவுத்து மேல சாத்தி வெச்சிருக்கோம்.

— அந்தக் கீத்தா? அது நெலத்துல கெடந்து நொறுங்கிப் போயிருக்குமே. ஒரு மழை தாங்காது.

— மழைக்குப் போடலீங்க. பாக்கறதுக்கு வீடு மாதிரி இருக்கட்டுமேன்னு போட்டேன்.

— ம். வெயில்ல நல்லா காஞ்சிருக்கும் வேற. பத்திரமா இரு. அடுப்புப் பொறி ஒண்ணு போதும்.

— இன்னா பண்ணா பத்திக்கும் அது? நீங்க தெனத்துக்கும் பாக்கறவரு, அதான் கேக்கறேன்.

— இன்னா பண்ணலன்னாலும் பத்திக்கும். அடுப்புல சாம்பல் அள்ளி குப்பையில கொட்டுவாங்க, உள்ள கங்கு இருக்கும். பீடிய மிதிக்காம போடுவான். பொட்டிக்கடையில பீடி பத்த வைக்க கயிறு தொங்கவிட்டு நுனியில கொளுத்தி வெச்சிருப்பான் பாரு, அதுவும்தான். அது பேஜாரு புடிச்ச சமாச்சாரம். மெதுவா கனிஞ்சிகினே இருக்கும், கொளுத்தினவன் பக்கத்து ஊருக்கே போய் சேந்திருப்பான், அப்பால பத்தும்.

— அதெல்லாம் கண்டுபுடிச்சிடுவீங்களா?

— எங்க கண்டுபுடிக்கறது? எல்லாம் சாம்பலா கெடக்குது. பாதிக்குப் பாதி 'காரணம் தெரியவில்லை'தான். உங்க தெருவுக்கும் அதான் எழுதினோம்... இரு, போன். அலோ, பயர் ஸ்டேஷன்... எங்க?... தேரடித் தெருவா? மிட்டாய்க் கடையா? ஆளு உள்ள இருக்காங்களா?... சரி சரி, வருது. ஏ சுப்பிரமணி, வண்டிய எடு! தேரடித் தெரு, மிட்டாய்க் கடை அடுப்படி, எண்ணெய் சட்டி பத்திகிச்சாம். எண்ணெயில தண்ணி அடிக்க உட்டுடாத. மண்ணு வாளிய எடுத்துக்க.

— சரியாப் போச்சு. சோத்துல கைய வெச்சேன் சகாதேவண்ணா. பாத்து மூடி வைங்க, காக்கா வந்துடும்.

— போடா, நான் பாத்துக்கறேன். ஏம்மா, நீ ஏன் எழுந்து நிக்கற? உக்காரு. பெல் சத்தம் அப்பிடித்தான் இருக்கும்.

— வண்டி திரும்பி எப்ப வரும்?

— அணைஞ்சா வரும்.

— இன்னொரு வண்டி இல்லீங்களா?

— கார்த்திகை தீபத்துக்கு வெளியூர்லேர்ந்து வந்து நிக்கும். மத்த நாளெல்லாம் இது ஒண்ணுதான்.

— அப்ப இந்த நேரம் பாத்து வேற எங்கனா பத்திகிச்சுன்னா?

— வந்த அப்பால போவும். ரெண்டு எடத்துலேர்ந்து ஒண்ணா கூப்டா, எது பெருசோ அங்க போவும். மனுச உயிரு மொதல்ல, அப்பால வீடு, அதுக்கப்பால மாடு கண்ணு. ஒண்ணு மட்டும் நிச்சயம். போன் வராத நெருப்புக்கு வண்டி போவாது. யாருனா கூப்டாத்தான்.

— எங்க தெருவுல வேடியப்பன் இருக்கான், அவன் கூப்டுடுவான். பொட்டிக்கடை வெச்சிருக்கான். அன்னிக்கும் அவந்தான் ரைஸ் மில்லுக்கு ஓடிப் போய் போன் பண்ணான். தெருவே கடலைக் காட்டுக்குப் போனாலும் அவன் ஒருத்தன் கடையில உக்காந்திருப்பான். மூக்கும் அவனுக்கு ஜாஸ்தி.

— இன்னிக்கி எல்லாரும் காட்டுக்கா போயிருக்காங்க?

— எல்லாரும்தான். கடலை வெதைக்கறாங்க. சந்திரம்மாளும் அவ மருமவளும் கூட. வீட்ல ஒரு குஞ்சு கெடையாது.

— நீ போவலையா?

— தோள்பட்டை இறங்கிப் போச்சுங்க. காலையிலேர்ந்து தண்ணி சேந்தினேன்.

— ஒத்தை ஆளுக்கு இன்னாத்துக்கு அவ்ளோ தண்ணி?

— தேவைப்பட்டுது. இன்னிக்கி காத்து இல்ல பாத்தீங்களா? ஆனியில இப்பிடி ஒரு நாள் அமையறது கஷ்டம். உங்க கொடி கூட அசையல.

— இன்னாம்மா, வாசலையே பாத்துகினு இருக்கற? யாருனா வர்றாங்களா?

— வண்டிதான் வருதான்னு பாக்கறேன்.

— நீ எதுக்கு வண்டிய பாக்கற? அது வரும். இந்தா, டீ குடி. பொறுமையா குடி. உன்னை ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அன்னிக்கி நாங்க கெளம்பச் சொல்ல நீ முருங்க மரத்தாண்ட நின்னுகினு இருந்த. எல்லாரும் இன்னான்னவோ சொன்னாங்க, நீ மட்டும் ஒண்ணும் சொல்லல.

— நீங்க சொன்னீங்களா? ஒருத்தர் வீட்டுக்கு வந்தா, கெளம்பச் சொல்ல 'போய்ட்டு வரோம்'னு சொல்லிட்டுப் போவாங்க. நீங்க பாட்டுக்கு வண்டியில ஏறி உக்காந்துகினு போயிட்டீங்க. கூரைய புடுங்கினதுக்குக் கூட நான் அழுவல. அத நெனச்சித்தான் அழுதேன்.

— அட, அது கோவம் இல்லம்மா. நாங்க எந்த வீட்லயும் 'வரோம்'னு சொல்றதில்ல. நாங்க திரும்பி வந்தா அந்த வீட்டுக்கு நல்லதா? அதான் வாயத் தொறக்காம போயிடுவோம். எங்களையும் யாரும் 'வாங்க'ன்னு கூப்டறதில்ல. எம்பொண்ணு கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரன் கூட, 'நீங்க எங்க வீட்டுக்கு வாங்க'ன்னு சொல்ல வந்து பாதியில முழுங்கிட்டான்.

— அப்பிடியா. எனக்குத் தெரியாதுங்க. இத்தனை நாளு உங்கள திட்டிகினு இருந்தேன்.

— திட்டு. எங்களுக்கு பழக்கம்தான். தோ, வண்டி வந்துடுச்சு. இன்னாடா சுப்பிரமணி, அதுக்குள்ளயா?

— சரியாப் போச்சு போங்க. நான் பெல்ல அடிச்சிகினு, தேரடியில பூக்கடைக்காரன், வளையல்கடைக்காரன் எல்லாரையும் ஒதுக்கினு போறேன், அங்க போய் பாத்தா நெருப்ப காணோம். கடை மொதலாளி நெத்தியில விபூதியோட நிக்கிறாரு. 'அணைஞ்சிடுச்சு தம்பி, வாங்க, மிச்சர் சாப்டுங்க'ன்றாரு. எப்பிடி அணைஞ்சுதுன்னு கேட்டா, மாவு பெசையறவன் பயத்துல பெசைஞ்ச மாவ அப்பிடியே தூக்கி சட்டியில போட்டுட்டானாம். சட்டியே மூடிகிச்சு. ஒரு படி முறுக்கு மாவு, எண்ணெய், சட்டி, எல்லாம் ஒண்ணா பொரிஞ்சி கெடக்குது. அதுக்கு ஒரு கூட்டம். ஒருத்தன் கேக்கறான், 'இது இன்னா வெலை'ன்னு.

— மாவு போட்டா அணையுமா தம்பி?

— உனக்கு ஏம்மா இந்தக் கவலை? அம்மா யாருண்ணா?

— வேங்கிக்கால். ஏரிக்கரைத் தெருவுல நடு வீட்டு கூரைய இழுத்தோமே, அவங்க.

— ஐயோ, மோர் குடுத்தவங்களா? கொக்கிய மாட்டினதே நான்தாம்மா. நல்லா மேஞ்சிருந்துது கூரை, வரவே மாட்டேன்னுச்சு. மனசு கேக்கல எனக்கு. நெருப்பு புடுங்கினா சாபம் நெருப்புக்குப் போவும். இது நம்ம கையிலயே ஒட்டிகிச்சே.

— நீ போய் டாங்குக்கு தண்ணி ரொப்பு. பேசிகினே நிக்காத.

— தண்ணி எறங்கவே இல்லண்ணா, ரொம்பித்தான் இருக்குது. நான் சோறு துன்றேன்.

— சரி, ரேணுகாம்பா, இதக் கேளு. நான் எரிஞ்சுதுன்னு எழுத மாட்டேன், அது வேற விசயம். ஆனா இழுக்கச் சொன்னது நான். ஞாயித்துக்கெழம எங்களுக்கு டூட்டி இல்ல. நானும் இவனும், இன்னும் ரெண்டு பசங்களும் வரோம். இவன் மாமன் ஒருத்தர் தோப்பு வெச்சிருக்கார், பழைய கீத்து எதனா கேட்டுப் பாக்கறோம். மூங்கில் கெடைச்ச மட்டும் போதும். ஒரு நாள்ல மேஞ்சி குடுத்துடறோம். உம்பொண்ண ஆடிக்குள்ள இட்டுகினு வா. ஏம்மா, டீய கீழ வெச்சிட்ட? ஏன் அழுவற?

— 'வரோம்'னு சொன்னீங்களே.

— ஆமா, சொல்லிட்டேன். பாரு, வாய் தவறி வந்துடுச்சு.

— இதப் போன வாரம் சொல்லியிருக்கக் கூடாதா நீங்க?

— போன வாரம் நான் இல்லையேம்மா.

— ஆமா. நீங்க இல்ல. கண்ணாடிக்காரர்தான் இருந்தாரு.

— ஞாயித்துக்கெழம வந்தா போதாதா? இன்னிக்கி இன்னா, வியாழன்தான... இரு, போன். அலோ, பயர் ஸ்டேஷன். சத்தமா பேசுங்க... கீழ்பென்னாத்தூர் ரோடா? மாடு கெணத்துல விழுந்துடுச்சா? உயிரோட இருக்குதா?... நீந்துதா?... சரி, தலைய மட்டும் தண்ணிக்கு மேல புடிங்க, யாரும் உள்ள குதிக்காதீங்க. வண்டி வருது. சுப்பிரமணி!

— சரியாப் போச்சு. இன்னிக்கி இந்த சோறு எனக்கு இல்ல.

— கீழ்பென்னாத்தூர் ரோட்ல காளை கெணத்துல கெடக்குது. வடக்கயிறு எடுத்துக்க. நானும் வரேன், அது சின்னக் கெணறு இல்ல. ஏய், யாருடா அங்க, வாட்ச் ரூம்ல வந்து உக்காரு.

— ஐயா, நில்லுங்க.

— போற அவசரத்துல இன்னாம்மா? ஞாயித்துக்கெழம வரோம்னு சொல்லிட்டேன் இல்ல? நகரு.

— அந்தப் பக்கம் போவாதீங்க. அது தூரம். திரும்பி வர சாயந்தரம் ஆயிடும்.

— ஆவட்டும். மாட்டுக்காரனுக்கு அதான் சொத்து. வண்டிக்கு முன்னால நிக்காத, நகரும்மா.

— எங்க தெருவுக்கு போங்க.

— உங்க தெருவுல இன்னா?

— எரியும்.

— யாரு சொன்னது? போன் வரலயே.

— வரும்.

— இன்னா வரும்?

— போன் வரும். வேடியப்பன் கூப்டுவான். அவன் கடை கயித்துல ஒரு மொழம் கனிய எவ்ளோ நேரம் ஆவுதுன்னு ரெண்டு நாளு அங்கியே உக்காந்து பாத்தேன். இந்நேரம் ஆயிருக்கும். மாட்டுக்கு ரெண்டு ஆள கயித்தோட பஸ்ல அனுப்புங்க. வீடா மாடான்னா வீடுன்னு நீங்கதான சொன்னீங்க.

— அண்ணா, இந்தம்மா இன்னா சொல்லுது?

— நீ சும்மா இரு சுப்பிரமணி. ரேணுகாம்பா, மூட்டையில இன்னா இருக்குது?

— எல்லாம்தான். வெளக்கு, என் வீட்டுக்காரர் போட்டோ, சேலை ரெண்டு, உண்ணாமலைக்கு வாங்கி வெச்ச தொட்டில் துணி. வீட்ல ஒண்ணும் இல்ல. கயிறு மட்டும்தான் வெச்சிட்டு வந்தேன்.

— வெச்சிட்டு இங்க வந்து, எம்முன்னால உக்காந்து, எங்கிட்டயே டீ வாங்கி குடிச்சிகினு இருந்தியா?

— வேற எங்க உக்காருவேன்? நாளைக்கி யாருனா நான்தான் வெச்சேன்னு சொன்னா, வீட்டுக்காரி ஸ்டேஷன் பெஞ்சுல இருந்தான்னு நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன். வாயத் தொறக்காம இருந்திருந்தா அது சரியாத்தான் நடந்திருக்கும். நீங்க கீழ்பென்னாத்தூருக்கு கெளம்பிட்டீங்களே. எனக்கு எரிஞ்சா போவுது. சந்திரம்மாள் கூரைக்கும் இந்தாண்ட புதுக் கூரைக்கும் ஈரச் சாக்கு போட்டு கொடம் கொடமா ஊத்திட்டுத்தான் வந்தேன். அவளுது பழைய கீத்து, அது எவ்ளோ நேரம் தாங்கும்? அவ எரிஞ்சா நான் இன்னா பண்ணுவேன்?

— அண்ணா, போன் அடிக்குது. எடுங்க.

— அலோ, பயர் ஸ்டேஷன்... யாரு, வேடியப்பனா?... ஏரிக்கரைத் தெரு. நடு வீடு... முருங்க மரத்து வீடு, தெரியும்... ஆளுங்க யாரும் உள்ள இல்ல, எனக்குத் தெரியும்... எப்பிடித் தெரியும்னா, தெரியும். வெச்சிடு, வரோம்.

— வரோம்னு சொல்லிட்டீங்கண்ணா.

— சொல்லிட்டேன் போ. ரெண்டு பேர வடக்கயித்தோட பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பு, மாட்ட பாக்கட்டும். வண்டிய திருப்பு. ஏறும்மா நீயும், மூட்டையோட ஏறு. இத நான் இன்னான்னு எழுதறது? சொல்லு. காரணம்னு ஒரு எடம் இருக்குது, அதுல இன்னா எழுதறது நான்?

— அன்னிக்கி எங்க தெருவுக்கு எழுதினதையே எழுதுங்க. எரிஞ்சுதுன்றது பொய் இல்லையே, நீங்களே கண்ணால பாக்கப் போறீங்க. ஞாயித்துக்கெழமயும் மறக்காம வந்துடுங்க, அதுக்குள்ள நிவாரண மூங்கிலும் கீத்தும் எறக்கிடுவாங்க, மேய ஆள் வேணும்.

— ரேணுகாம்பா...

— உங்கள யாரும் வாங்கன்னு கூப்டறதில்லன்னீங்களே, நான் கூப்டறேன், வாங்கண்ணா. மொதல்ல போய் சந்திரம்மாள் கூரைய நனைங்க. என் வீட்டுக்கு மெதுவா வாங்க.